பைக்கில் பாட்டு: இயர்பட்ஸா, ஹெல்மெட் ஸ்பீக்கரா?

ஆபீஸில் ஒரு தம்பி புதிதாக 350 சிசி பைக் எடுத்திருக்கிறான். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வர. போன வாரம் கேன்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீங்கதான் திருச்சிக்கு பைக்லயே போவீங்களே. பாட்டு கேக்க இயர்பட்ஸ் வாங்கட்டுமா, இல்ல ஹெல்மெட்டுக்குள்ள மாட்டுற ஸ்பீக்கர் வாங்கட்டுமா? எது பெஸ்ட்?"

இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதே கேள்விக்கு நான் ஒருமுறை தப்பான பதிலைக் கண்டுபிடித்து, அதற்கான விலையைக் காதில் கொடுத்திருக்கிறேன். அதனால் "எழுதி அனுப்புறேன்டா" என்றேன். அவனுக்காக எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது, இங்கேயே போட்டுவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பொங்கலுக்கு முந்தின நாள். சென்னையிலிருந்து திருச்சி வீட்டுக்குப் போய் இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று பேச ஆரம்பித்ததும் அம்மா கேட்டாள்: "எதுக்குடா இப்படிக் கத்துற? பக்கத்துலதானே நிக்கிறேன்." நான் சாதாரணமாகப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி படுத்தபோது, ஃபேன் சத்தத்துக்கு மேலே, கம்பியை இழுத்துக்கொண்டே போவதுபோல ஒரு மெல்லிய ரீங்காரம். காலையில் போய்விட்டது. அதற்கு முன்னாலும் பல தடவை இப்படி வந்து போயிருக்கிறது. பயணக் களைப்பு என்று விட்டிருந்தேன்.

இந்தத் தடவை விடவில்லை. சென்னை திரும்பியதும் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து 'பீப்' கேட்டால் பட்டனை அமுக்கும் அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டேன. வரைபடம் நேராகப் போய், 4000 ஹெர்ட்ஸில் மட்டும் பள்ளமாக இறங்கி, மறுபடி ஏறியது. இடது காதில் 30 டெசிபல், வலதில் 25. "ஃபேக்டரியில வேலை பாக்கிறீங்களா?" என்று கேட்டார் டாக்டர். அதிக இரைச்சலில் வருஷக்கணக்காக இருப்பவர்களுக்கு வரும் பள்ளம் அதுதானாம். நான் உட்கார்ந்து வேலை பார்ப்பது ஏசி அறையில். இரைச்சல் என்றால் எனக்கு பைக் மட்டும்தான்.

அப்போது நான் வைத்திருந்தது ஹெல்மெட் ஸ்பீக்கர். "காதுக்குள்ளே எதையும் திணிக்கவில்லை, அதனால் இதுதான் பாதுகாப்பு" என்று யோசித்து வாங்கியது. அந்த யோசனை எங்கே தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

சத்தம் எங்கிருந்து வருகிறது

பைக் சத்தம் என்றால் இன்ஜினும் சைலன்சரும்தான் நினைவுக்கு வரும். நகருக்குள் அது சரி. ஆனால் வேகம் சுமார் 65 கி.மீ. தாண்டியபின், ஓட்டுபவர் காதில் விழுவதில் பெரும்பங்கு காற்றின் இரைச்சல். வைசர் இடுக்கு, ஹெல்மெட்டின் விளிம்பு, கழுத்தருகே உள்ள திறப்பு என்று ஒவ்வொரு இடத்திலும் காற்று மோதி, பிரிந்து, சுழல்களாக உடைகிறது. அந்தச் சுழல்கள்தான் சத்தம். உங்கள் பைக் எவ்வளவு அமைதியானது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மின்சார பைக்கில் போனாலும் 80-ல் இதே காற்றுதான், இதே இரைச்சல்தான்.

இந்த இரைச்சல் வேகத்தோடு ஏறுகிற விதம் கொஞ்சம் பயமுறுத்தும். திடப்பொருள் மீது மோதும் காற்றோட்டம் எழுப்பும் ஒலியின் திறன், வேகத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டி ஏறும் என்று 1955-ல் கர்ல் என்ற ஆய்வாளர் காட்டினார். வேகம் இரண்டு மடங்கானால் ஒலித்திறன் இரண்டு மடங்கு ஆகாது. 64 மடங்கு ஆகும். டெசிபலில் சொன்னால் 18 டெசிபல் கூடுதல். நிஜ ஹெல்மெட் இந்தச் சூத்திரத்தை அச்சுப் பிசகாமல் பின்பற்றாது. ஆனால் 40-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசம் ஏன் காதுக்கு வேறு உலகமாக இருக்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1990-களில் பிரிட்டனில் ஓட்டுபவர்களின் காதருகே மைக் பொருத்தி எடுத்த அளவுகளின்படி, ஹெல்மெட்டுக்குள் 60 கி.மீ. வேகத்தில் சுமார் 90 டெசிபல், 160-ல் சுமார் 110. ஹெல்மெட் போட்டுக்கொண்டே இந்த அளவு. ஹெல்மெட் தலையைக் காக்கிற பொருள், காதைக் காக்கிற பொருள் அல்ல. கீச்சென்ற உயர் அதிர்வெண்களை அது ஓரளவு தடுக்கும். காற்றின் 'கும்ம்' என்ற தாழ்ந்த உறுமலை அதனால் பெரிதாகத் தடுக்க முடியாது. பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொம்மைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டி, காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். தாடைப் பகுதியும் அதற்குக் கீழே உள்ள திறப்பும்தான் இரைச்சல் காதுக்கு வரும் முக்கியமான வாசல்கள் என்று கண்டார்கள். காதுக்குப் பக்கத்தில் எவ்வளவு பஞ்சு வைத்தாலும் கீழ்வாசல் திறந்தே கிடக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

காது எவ்வளவு தாங்கும்? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வைத்திருக்கும் வரம்பு: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி. 91-ல் 2 மணி. 94-ல் 1 மணி. 97-ல் அரை மணி. 100-ல் வெறும் 15 நிமிடம்.

இப்போது என் பயணத்தைப் போட்டுப் பார்ப்போம். சென்னை-திருச்சி ஏறக்குறைய 330 கி.மீ. செங்கல்பட்டு தாண்டியதும் சாலை திறந்துவிடும். மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர் என்று ஒரே ஓட்டம். 80-ஐ ஒட்டிய வேகம். மேலே சொன்ன அளவுகளின் நடுவே பார்த்தால் 80-ல் சுமார் 95 டெசிபல் வருகிறது. 95-க்கு அனுமதி ஏறக்குறைய 48 நிமிடம். செங்கல்பட்டில் ஆரம்பித்தால் திண்டிவனம் வருவதற்குள் ஒரு நாளைக்கான பங்கு கிட்டத்தட்ட முடிந்துவிடும். மீதி சுமார் இரண்டரை மணி நேரம் கடன்.

இதுவரை பாட்டே போடவில்லை என்பதை கவனியுங்கள்.

காது இந்தக் கடனை எப்படி அடைக்கிறது? உள்காதில் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. செத்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைக்காது. ஒரு நாள் இரைச்சலில் அவை உடனே சாவதில்லை, களைத்துப்போகும். அதனால்தான் அன்றைக்கு வாசலில் நான் கத்தினேன். ஓய்வு கிடைத்ததும் கேட்கும் திறன் திரும்பிவிடும். 'அதான் சரியாயிடுச்சே' என்று நாமும் நினைத்துக்கொள்வோம். இந்த நினைப்பைக் குலைத்தது 2009-ல் ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளில் செய்த ஆய்வு. இரைச்சலுக்குப் பின் எலிகளின் கேட்கும் அளவு பழைய நிலைக்கு வந்துவிட்டது. மயிர்ச் செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகளில், சில பகுதிகளில், பாதி வரை போயிருந்தன. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குச் சொல்லிவிட முடியாது. என்றாலும் காலையில் ரீங்காரம் நின்றுவிட்டது என்பதை 'சேதம் இல்லை' என்று படிக்கும் தைரியம் எனக்குப் போய்விட்டது.

ஸ்பீக்கர் என்ன செய்கிறது

ஹெல்மெட் ஸ்பீக்கர் என்பது காதருகே உள்ள பள்ளத்தில் வெல்க்ரோவால் ஒட்டும் 40 மி.மீ. அளவிலான இரண்டு தட்டுகள். கார்டோ, சேனா போன்றவற்றின் இன்டர்காம் பெட்டிகளிலும் இதுதான் இருக்கும், இரண்டாயிரம் ரூபாய் செட்டிலும் இதுதான் இருக்கும். தரம் வேறாகலாம், அடிப்படை ஒன்றுதான். காது திறந்திருக்கிறது, இரைச்சலும் பாட்டும் ஒரே வாசலில் நுழைகின்றன.

பாட்டு கேட்க வேண்டுமென்றால் அது காற்றைவிடக் குறைவாக இருக்க முடியாது. காற்று 95 என்றால் பாட்டும் குறைந்தது 95. இரண்டும் சேர்ந்தால் 190 ஆகாது. டெசிபல் கணக்கில் 98 ஆகும். மூன்றுதானே என்று தோன்றும். அந்த மூன்றில்தான் 48 நிமிடம் 24 ஆகிறது. வரிகள் புரிய வேண்டும், தபேலா கேட்க வேண்டும் என்று இன்னும் ஏற்றினால் 12.

தபேலா கேட்கவும் கேட்காது. சிறிய ஸ்பீக்கரின் தாழ்ந்த சுருதி, காதோடு மூடிய அறைக்குள் இருந்தால்தான் நிற்கும். ஹெல்மெட்டுக்குள் ஒரு சென்டிமீட்டர் விலகினாலே கரைந்துவிடும். காற்றின் உறுமலும் அதே தாழ்ந்த அதிர்வெண்களில்தான். ஆக, பாட்டின் அடித்தளம் இரண்டு பக்கமும் அடிவாங்குகிறது. நாம் 'ஸ்பீக்கர் சரியில்லை' என்று திட்டிக்கொண்டு ஒலியை ஏற்றுகிறோம். நானும் அப்படித்தான் ஏற்றினேன்.

நான் கவனிக்கத் தவறியது இதுதான். காதுக்குள் எதுவும் இல்லை என்பதால் ஸ்பீக்கர் மென்மையானது என்று நினைத்தேன். செவிப்பறைக்கு ஒலி எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாது. வந்து சேர்ந்த அளவு மட்டும்தான் தெரியும்.

இயர்பட்ஸ் என்ன செய்கிறது

நன்றாகப் பொருந்திய சிலிகான் அல்லது ஃபோம் முனை காதுத் துளையை அடைக்கும். ஒரு 20 டெசிபல் தடுத்தால் காற்று 75-க்கு இறங்கிவிடும். பாட்டை 78-ல் வைத்தாலே தெளிவாகக் கேட்கும். இரண்டும் சேர்ந்து 80. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்கள் கேட்பதற்கு வைத்திருக்கும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். இப்போது திருச்சி போய்வரலாம்.

ஆனால் எல்லாம் அந்த அடைப்பில் இருக்கிறது. முனை இல்லாமல் காது மடலில் சும்மா தொங்கும் இயர்பட்ஸ் எதையும் தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு காற்றோடு போட்டி போட்டால் ஸ்பீக்கரைவிட மோசம். அடைப்பவற்றிலும் ஹெல்மெட் மாட்டும்போது பாதி கழன்றால் முடிந்தது கதை. ஆகவே வாங்கும்போது பாட்டின் தரத்துக்கு முன் பார்க்க வேண்டியவை:

காதுக்கு வெளியே துருத்தக் கூடாது. கண்ணாடி முன் நின்று பாருங்கள். மடலின் பள்ளத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். கீழே தண்டு நீண்ட மாடல்கள் ஹெல்மெட் பஞ்சில் மாட்டி இழுபடும். துருத்தும் மாடல் அரை மணியில் வலிக்க ஆரம்பிக்கும். வண்டி ஓட்டும்போது வலி என்பதே கவனச்சிதறல்தான்.

தொட்டால் வேலை செய்யும் கட்டுப்பாட்டை அணைத்து வைக்க முடிய வேண்டும். இல்லையென்றால் தலையைத் திருப்பும்போதெல்லாம் பஞ்சு தொட்டு, பாட்டு நிற்கும், மாறும், சில சமயம் யாருக்காவது போன் போகும்.

ஒயர் உள்ள, காதுக்குப் பின்னால் சுற்றும் வகை தட்டையாக அடங்கும், விலையும் குறைவு. ஒயரை ஜாக்கெட்டுக்குள் விடுங்கள். வெளியே தொங்கினால் எதிலாவது சிக்கும்.

இரைச்சலைத் தானே ரத்து செய்யும் இயர்பட்ஸ் பற்றிக் கேட்பீர்கள். அது வெளிச்சத்தத்தை மைக்கால் வாங்கி, அதற்கு எதிரான அலையை உள்ளே விடுகிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் நன்றாக வேலை செய்யும், மேலே போகப் போகக் குறையும். காற்றின் உறுமல் தாழ்ந்தது என்பதால் கோட்பாட்டளவில் பொருத்தம். பிரச்சினை, அந்த மைக் துளையிலேயே காற்று நேராக அடித்தால் வரும் படபட ஓசை. அதை ரத்து செய்ய முயன்று கருவி தானே சத்தம் போடும். முழுமுக ஹெல்மெட்டில், வைசர் மூடியிருந்தால் இது குறைவு. அரை ஹெல்மெட்டில் அந்த வசதியை அணைத்துவிடுவதே மேல். எப்படியானாலும் முதல் வேலை முனையின் அடைப்புக்கு. ரத்து செய்வது கூடுதல் உதவி மட்டும்.

எலும்பு வழி ஒலி அனுப்பும் ஹெட்போனையும் சிலர் கேட்கிறார்கள். அதன் பட்டை தலைக்குப் பின்னால் ஹெல்மெட்டோடு சண்டை போடும். காது திறந்தே இருப்பதால் காற்று அப்படியே வரும். மைதானத்தில் ஓடுபவர்களுக்கு நல்லது. நெடுஞ்சாலைக்கு அல்ல.

மூன்றாவது வழி

இரண்டில் ஒன்று என்று கேட்டவனுக்கு மூன்றாவதைச் சொல்வது எரிச்சல்தான். ஆனாலும் நான் இப்போது செய்வது அதுதான்: காதில் சாதாரண ஃபோம் இயர்பிளக், வெளியே பழைய ஹெல்மெட் ஸ்பீக்கர்.

முதல் தடவை கேட்டபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. காதை அடைத்துவிட்டு எதற்கு ஸ்பீக்கர்? கொஞ்சம் யோசித்தால் புரியும். பிளக் காற்றையும் பாட்டையும் சேர்த்தே குறைக்கிறது. காற்றுக்கு மேல் பாட்டு எவ்வளவு எழுந்து நிற்கிறது என்ற வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. நம் மூளைக்குத் தேவை அந்த வித்தியாசம்தான். அதிக இரைச்சலில் காதை அடைத்துக்கொண்டவர்களுக்கு எதிராளி பேசுவது அதே அளவு, சில சமயம் அதைவிட நன்றாகப் புரிகிறது என்று கார்ல் கிரைட்டர் 1946-லேயே எழுதியிருக்கிறார். அளவுக்கு மீறிய ஒலியில் காதே திணறிப்போகிறது. பிளக் அதைத் திணறாத எல்லைக்குக் கொண்டுவருகிறது.

3எம் 1100 மாதிரி ஆரஞ்சு நிற ஃபோம் பிளக் சில பத்து ரூபாய்தான். அமெரிக்க முறை அளவீட்டில் அதற்கு 29 டெசிபல் என்று போட்டிருக்கும். அது ஆய்வக எண். நம் கையால் மாட்டும்போது பாதி கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி என்றாலும் 95 என்பது 80 ஆகிவிடும். நியாஷ் கணக்கில் 48 நிமிடம், ஒரு நாளைத் தாண்டிப் போய்விடுகிறது.

மாட்டுவதில் ஒரு முறை உண்டு. விரல்களால் பிளக்கை மெல்லிய திரிபோல உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், துளை நேராகும். திரியை உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை மூடிப் பாருங்கள். சத்தம் பெரிதாகக் குறைந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், மறுபடி மாட்டுங்கள். பிளக்கைக் கழற்றாமல் யாராவது பேசுவதைக் கேட்டால் மந்தமாக இருக்கும்; பிளக் உயர் அதிர்வெண்களை அதிகமாகத் தின்னும். போனில் ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் பாட்டு சரியாகிவிடும்.

ஸ்பீக்கர் பொருத்தும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. அது உங்கள் காதுத் துளைக்கு நேராக இருக்க வேண்டும், ஒரு விரல் அளவு தள்ளினாலும் பாதி போய்விடும். இடம் போதவில்லை என்று உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மாகோலைச் செதுக்காதீர்கள். விபத்தில் நசுங்கி உங்கள் மண்டையைக் காப்பாற்றப்போவது அதுதான். பள்ளம் இல்லாத ஹெல்மெட் என்றால் அந்த ஹெல்மெட்டுக்கு ஸ்பீக்கர் வேண்டாம், அவ்வளவுதான்.

"ஹாரன் கேக்காதே!"

பிளக் என்றதும் எல்லாரும் கேட்பது இது. நியாயமான கேள்வி. 80-ல் போகும்போது பின்னால் வரும் ஹாரனை மறைப்பது பிளக் அல்ல, காற்று. பிளக் இரண்டையும் சேர்த்துத்தான் இறக்குகிறது. காற்றுக்கு மேலே எழுந்த ஹாரன் பிளக் போட்டாலும் எழுந்துதான் நிற்கும். எனக்கு லாரி ஹாரன், பஸ் ஹாரன், ஆம்புலன்ஸ் எல்லாம் கேட்கின்றன.

ஹாரனை உண்மையில் மறைப்பது பாட்டு. காற்றோடு இன்னொரு இரைச்சலாக அது சேர்கிறது, மனசையும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. இதில் இயர்பட்ஸ், ஸ்பீக்கர் என்ற பேதமில்லை.

நகருக்குள் கணக்கே தலைகீழ். 40-க்குக் கீழே காற்று இரைச்சல் குறைவு. சந்திலிருந்து வரும் ஆட்டோ, பின்னால் ஒட்டிவரும் மாநகரப் பேருந்து, 'தம்பி ஸ்டாண்டு' என்று கத்தும் யாரோ ஒருவர், இவர்கள் எல்லாருடைய சத்தமும் நமக்கு வேண்டும். அங்கே அடைப்பதால் லாபமில்லை, நஷ்டம் உண்டு. ஊருக்குள் நான் பிளக்கும் போடுவதில்லை, பாட்டும் போடுவதில்லை. வழி சொல்லும் குரல் மட்டும் ஸ்பீக்கரில் வரும். பெருங்களத்தூர் தாண்டி ஒரு இடத்தில் நிறுத்தி பிளக் மாட்டுவேன். திரும்பி வரும்போது அங்கேயே கழற்றுவேன்.

சட்டம் வேறு, காது வேறு

பிரான்ஸில் 2015 ஜூலை 1 முதல் ஓட்டும்போது காதில் ஒலியெழுப்பும் கருவி எதையும் வைக்கக் கூடாது, சைக்கிளுக்கும் சேர்த்து. அபராதம் 135 யூரோ. காது கேட்கும் கருவிக்கு விலக்கு உண்டு. ஹெல்மெட்டில் பொருத்திய ஸ்பீக்கருக்குத் தடையில்லை. கலிஃபோர்னியாவில் இரண்டு காதையும் இயர்போனால் மூடக் கூடாது, ஒன்றை மூடலாம். இந்த விதிகள் கவலைப்படுவது கவனத்தைப் பற்றி. உங்கள் செவிநரம்பைப் பற்றி அல்ல. ஸ்பீக்கரை 100 டெசிபலில் அலறவிட்டுக்கொண்டு போகிறவர் அங்கே சட்டப்படி சரி. அடைத்த இயர்பட்ஸில் மெதுவாகக் கேட்டுப் போகிறவர் குற்றவாளி.

நம் ஊரிலும் போலீஸ்காரர் கண்ணுக்கு இயர்போன் என்றால் இயர்போன்தான். காதில் ஒயர் தெரிந்தால் ஓரம் கட்டச் சொல்வார்கள். அவரிடம் நின்று டெசிபல் கணக்கு விளக்க முடியாது. சும்மா பிளக் போட்டு ஸ்பீக்கர் வைப்பதில் எனக்குப் பிடித்த இன்னொரு சௌகரியம் இது. பிளக் எந்தச் சத்தமும் எழுப்பும் கருவி அல்ல. கையில் போன் பிடித்துப் பேசுவது இங்கும் குற்றம், சொல்லவே வேண்டாம்.

டீக்கடைச் சோதனை

உங்களிடம் இப்போது எது இருந்தாலும் சரி, காசு செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். வண்டி நிற்கும்போது, பாட்டு இதமாகக் கேட்கும் அளவில் வையுங்கள். அந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் வழக்கமான வேகத்தில் அரை மணி ஓட்டுங்கள். வேண்டிய அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது டீக்கடையில் ஓரம் கட்டுங்கள். ஒலியைத் தொடாதீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் இன்ஜினை மட்டும் அணையுங்கள்.

இப்போது காதில் என்ன கேட்கிறது? 'அய்யோ' என்று கை தானாகப் போனை நோக்கிப் போனால், இவ்வளவு நேரம் உங்கள் காது வாங்கியது அதைத்தான். அதோடு காற்றையும் சேர்த்து. நான் முதல் தடவை இதைச் செய்தது விக்கிரவாண்டியில். டீ போடுகிறவர் திரும்பிப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் ஓடிய பாட்டு அவர் நின்ற இடம் வரை கேட்டிருக்கிறது.

ஒலியைத் தொட வேண்டியே வராமல், நின்றபோதும் இதமாக இருந்தால் உங்கள் ஏற்பாடு சரி. எந்த மாடல், என்ன விலை என்பது அப்புறம்தான்.

தம்பிக்கு

ஊருக்குள் மட்டும் ஓட்டுவதென்றால், வழி கேட்க ஒரு சாதாரண ஹெல்மெட் ஸ்பீக்கர் போதும், பாட்டு வேண்டாம். நெடுஞ்சாலையில் தனியாகப் போகிறாய், நண்பர்களோடு பேச வேண்டியதில்லை என்றால், காதுக்குள் அடங்கும், நன்றாக அடைக்கும் இயர்பட்ஸ் நல்லது. வழியில் யாராவது நிறுத்தினால் பதில் சொல்லத் தயாராக இரு. கூட்டமாகப் போகிறாய், பின்னால் உட்காருகிறவரோடு பேச வேண்டும் என்றால் ஸ்பீக்கர்தான், கூடவே ஃபோம் பிளக்.

இது எதற்கும் முன்னால், இன்றைக்கே மெடிக்கலிலோ ஹார்டுவேர் கடையிலோ இரண்டு ஜோடி ஃபோம் பிளக் வாங்கி டேங்க் பையில் போட்டுக்கொள். முதல் மாதம் பாட்டே இல்லாமல் அதை மட்டும் போட்டு ஓட்டிப்பார். கழுத்துக்கு மேலே இருந்த பாரம் இறங்கியது மாதிரி இருக்கும். இறங்கியதும் வரும் அந்தக் களைப்பில் எவ்வளவு வெறும் சத்தத்தினால் வந்தது என்பது அப்போது தெரியும். அதற்கப்புறம் பாட்டு வேண்டுமா என்று யோசி.

என் வரைபடத்தில் பள்ளம் அப்படியே இருக்கிறது. வருஷம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். ஆழமாகவில்லை, ஏறவும் இல்லை, ஏறாது. கூட்டத்தில் யாராவது மெதுவாகப் பேசினால் ச, ஷ, த எல்லாம் ஒன்றுபோலக் கேட்கிறது, வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். போன மாதம் திருச்சியில் இறங்கி, பிளக்கைக் கழற்றிவிட்டு, "காபி இருக்காம்மா?" என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து, "என்னடா, சத்தமா சொல்லு" என்றாள்.